10கே, 100கே, பஃபர்: உங்கள் ஆம்புக்கு எது ஒத்துப்போகும்?

மொபைல், சிடி பிளேயர் போன்ற சோர்ஸுக்கும் ஆம்புக்கும் (ஆம்ப்ளிஃபையர்) நடுவே வைக்கும் பாசிவ் ப்ரீஆம்ப் என்றால் டப்பாவுக்குள் ஒரு வால்யூம் கண்ட்ரோல், அவ்வளவுதான். கரண்ட் வேண்டாம், இரைச்சல் கிட்டத்தட்ட கிடையாது. எத்தனை கிலோ ஓம் (சுருக்கமாக ‘கே’) கண்ட்ரோல் போடுவது என்பதில்தான் வம்பு.

சிக்னல் பாதியாகும் இடத்தில் கண்ட்ரோலின் அவுட்புட் இம்பீடன்ஸ் (வெளியே போகும் சிக்னலுக்கு அது காட்டும் தடை) உச்சத்துக்குப் போகும்: மொத்த மதிப்பில் கால் பங்கு. 10கே என்றால் 2.5கே; 50கே-க்கு 12.5கே, 100கே-க்கு 25கே. ஆம்பின் இன்புட் இம்பீடன்ஸ் இதற்குப் பத்து மடங்காவது இருந்தால் நிம்மதி.

டிபிஏ3116 சிப் போட்ட ஆம்ப் போர்டை எடுங்கள். கெயின் (சிக்னலைப் பெருக்கும் அளவு) 26 டெசிபலில் இன்புட் 30கே. 36-க்கு ஏற்றினால் வெறும் 9கே. இதன் முன்னால் 50கே போட்டால், முக்கால்வாசி திருகும்வரை மந்தமாக இருந்து பிறகு சத்தம் எகிறும். சிக்னல் பாதியாகும் நிலையில், கண்ட்ரோல் குறைப்பது போக இன்னும் ஏழு டெசிபலுக்கு மேல் இழப்பு. 10கே போட்டால் இழப்பு இரண்டு டெசிபல்தான். மொபைலும் சிடி பிளேயரும் 10கே-யைச் சிரமமின்றி இழுக்கும். இந்த போர்டுக்கு என் ஓட்டு 10கே-க்கே.

வால்வு (கண்ணாடிக் குழாய்) ஆம்ப் வைத்திருப்பவர் கதை வேறு. இன்புட் 100கே இருப்பதால் 100கே கண்ட்ரோல் பொருந்தும் என்று தோன்றும். ஆனால் ஹாலின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு 5 மீட்டர் ஒயர் ஓடினால், ஒயரின் கப்பாசிட்டன்ஸ் மீட்டருக்கு 100 பிகோஃபாரட் கணக்கில், 16 கிலோஹெர்ட்ஸிலேயே 3 டெசிபல் சரியும். வில்லுப்பாட்டு ரெக்கார்டிங் போட்டுப் பாருங்கள்: குடம் அப்படியே இருக்கும், வீசுகோல் விழும்போது வில்மணிகளின் கூர்மைதான் மழுங்கும். அதே ஆம்புக்கு 10கே போட்டால் ட்ரெபிள் தப்பிக்கும். ஆனால் சோர்ஸும் வால்வு என்றால், அதன் அவுட்புட்டில் உள்ள 0.47 மைக்ரோஃபாரட் கப்பாசிட்டர் வழியாக வரும் பேஸ் 34 ஹெர்ட்ஸிலிருந்தே இறங்கிவிடும்.

இரண்டு பக்கமும் இடிக்கும் இந்த இடத்தில்தான் பஃபர், அதாவது அவுட்புட் இம்பீடன்ஸை மட்டும் இறக்கும் சின்ன சர்க்யூட். கெயின் இல்லை, 100கே கண்ட்ரோலுக்குப் பின் ஒரு ஜேஃபெட் டிரான்சிஸ்டரோ என்இ5532 ஆப்-ஆம்ப் சிப்போ வைத்தால் அவுட்புட் சில நூறு ஓமுக்கு இறங்கும், நீள ஒயரும் பிரச்சினையில்லை. பவர் சப்ளை சுத்தமாக இருக்கணும், இல்லையென்றால் ஹம்மை (ஸ்பீக்கரில் கேட்கும் கரண்ட் இரைச்சலை) நாமே விலைக்கு வாங்கினது போல. ரெசிஸ்டருக்குப் பதில் டிரான்ஸ்ஃபார்மரால் சத்தம் குறைக்கும் டிரான்ஸ்ஃபார்மர் வால்யூம் என்று ஒன்று உண்டு. அருமையானது, விலை கேட்டால் மயக்கம் வரும்.

குளச்சல், முட்டம் பக்கம் உப்புக்காற்றில் கார்பன் கண்ட்ரோல் சீக்கிரமே கரகரக்கும். அங்கே ரோட்டரி சுவிட்சில் ரெசிஸ்டர் கட்டிய அட்டெனுவேட்டர் (படிப்படியாகச் சத்தம் குறைப்பது) மேல். எதைப் போட்டாலும் ஆம்பை ஒட்டியே வையுங்கள். நீள ஒயர் சோர்ஸ் பக்கம் இருந்துவிட்டுப் போகட்டும்.