ஹப், ஸ்விட்ச், ரௌட்டர்: சிங்கப்பூரின் வீவக அடுக்குமாடி வீட்டுக்கு எது?

இந்த மூன்றையும் ஒரே தராசில் வைப்பதே சரியல்ல. போட்டி ஹப்புக்கும் ஸ்விட்சுக்கும்தான். அதுவும் எப்போதோ முடிந்துபோன போட்டி. ரௌட்டரின் வேலை வேறு. ஆனால் சிம் லிம் ஸ்குவேரின் கணினிக் கடைகளில் நிற்பவர்களுக்கு மூன்றும் கேபிள் செருகும் பெட்டிகளாகத்தான் தெரிகின்றன.

முதலில் ஹப்பைக் கழித்துவிடலாம். ஒரு துளையில் வரும் தகவலை அது மற்ற எல்லாத் துளைகளிலும் கொட்டும். ஒருவருக்கு வந்த கடிதத்தைப் புளோக் முழுவதும் கேட்க உரக்கப் படிப்பது போல. இரண்டு கருவிகள் ஒரே நேரத்தில் அனுப்பினால் மோதல், காத்திருப்பு, மறுபடி அனுப்புதல். வேகம் 10 அல்லது 100 எம்பிபிஎஸ் (நொடிக்கு இத்தனை மெகாபிட்). அதையும் எல்லாக் கருவிகளும் பங்குபோட்டுக்கொள்ள வேண்டும். இலவசமாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

ரௌட்டர் இல்லாமல் காரியம் நடக்காது. பெரும்பாலும் வீட்டுக்கு ஒரே ஒரு பொது ஐபி முகவரிதான் (இணையத்தில் வீட்டை அடையாளம் காட்டும் எண்) கிடைக்கும். கைபேசி, டிவி, மடிக்கணினி ஒவ்வொன்றுக்கும் உள்முகவரி கொடுத்து, அந்த ஒன்றையே பகிரச் செய்து, வெளியிலிருந்து அழையாமல் வருவதைத் தடுப்பது ரௌட்டர். ஆகவே ஓஎன்டி (ஃபைபர் கேபிள் வந்து சேரும் பெட்டி), ரௌட்டர், ஸ்விட்ச் என்பதே வரிசை. ஓஎன்டியில் நேராக ஸ்விட்சைச் செருகினால் பெரும்பாலும் ஒரு கணினிக்கு மட்டும் இணையம் வரும். மற்றவை விழித்துக்கொண்டு நிற்கும். ஓஎன்டியும் ரௌட்டரும் ஒன்றான பெட்டி வீட்டில் இருந்தால், அதன் பின்னால் இன்னொரு ரௌட்டரை அப்படியே மாட்டாதீர்கள். வீடு இரண்டு வலையமைப்பாகப் பிரிந்து, ஒன்றிலுள்ள பிரிண்டர் மற்றதிலுள்ள கணினியின் கண்ணில் படாமல் போகும். ஒன்றின் ரௌட்டர் வேலையை நிறுத்தி, அதை பிரிட்ஜ் நிலைக்கோ ஆக்சஸ் பாயிண்ட் நிலைக்கோ மாற்ற வேண்டும்.

2021 ஏப்ரல் முதல், சிங்கப்பூரில் விற்கப்படும் வைஃபை ரௌட்டர்கள் இணையப் பாதுகாப்பு முத்திரைத் திட்டத்தின் கீழ் முத்திரை பெற்றிருக்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து மலிவாகத் தருவிப்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

என் ஓட்டு ஸ்விட்சுக்கு. வீட்டுக்குள்ளிருக்கும் பாதுகாப்பு அறையான பாம் ஷெல்டரின் கான்கிரீட் சுவர் வைஃபையை விழுங்குகிறது என்று நூற்றுக்கணக்கான வெள்ளி கொடுத்துப் பெரிய ரௌட்டர் வாங்குகிறார்கள். எத்தனை கொம்பு முளைத்த ரௌட்டரானாலும் சுவர் சுவர்தான். புதிய பிடிஓ (முன்பதிவின்படி கட்டப்படும்) வீவக வீடுகள் பலவற்றில் அறைகளுக்கான லேன் கேபிள்கள் சுவருக்குள்ளேயே ஓடுகின்றன. மறுமுனைகள் வாசல் பக்கம் ஒரு பெட்டியில் தொட்டுப் பாராமலே கிடக்கும். அங்கே ஒரு ஸ்விட்சை வைத்து, ரௌட்டரோடு ஒரே கேபிளால் இணைத்தால் போதும். எந்தக் கருவி எந்தத் துளையில் இருக்கிறது என்பதை ஸ்விட்ச் தானே கற்றுக்கொண்டு, உரியதை உரிய துளைக்கு மட்டும் அனுப்பும். இரண்டு கணினிகளுக்கிடையே படங்களை நகலெடுத்தால் அந்தப் போக்குவரத்து ரௌட்டர் வரை போவதேயில்லை.

விளக்குகளைக் கவனியுங்கள். பல ஸ்விட்சுகளில் நிறமே வேகத்தைச் சொல்லிவிடும். 1 ஜிபிபிஎஸ் (1,000 எம்பிபிஎஸ்) வேகத்துக்குக் கேபிளின் எட்டுக் கம்பிகளும் வேண்டும். முனையில் ஒன்று சரியாகப் பொருந்தாவிட்டால், இணைப்பு அறுந்துபோகாமல், சத்தமில்லாமல் 100 எம்பிபிஎஸ்சுக்கு இறங்கிவிடலாம். பழி இணைய நிறுவனத்தின் மீது விழும்! எல்லா விளக்குகளும் ஒரே தாளத்தில் வெறிபிடித்ததுபோல் மின்னி இணையம் உறைந்துவிட்டால், யாரோ ஒரே கேபிளின் இரு முனைகளையும் அதே ஸ்விட்சில் செருகியிருக்கலாம்.

கேபிளில் ஓடும் கருவிகள் இரண்டு மூன்றுதான் என்றால் ஸ்விட்ச் வாங்கவே தேவையில்லை. ரௌட்டரின் பின்புறத் துளைகளே உள்ளிருக்கும் ஒரு ஸ்விட்ச்தான். 10 ஜிபிபிஎஸ் திட்டம் எடுத்தவர்கள் மட்டும் சற்று யோசிக்க வேண்டும்: 1 ஜிபிபிஎஸ் ஸ்விட்சை வைத்தால் அதன் பின்னாலுள்ள எந்தக் கருவிக்கும் அதற்கு மேல் கிடைக்காது. அவர்கள் 2.5 ஜிபிபிஎஸ் ஸ்விட்ச் வாங்கலாம். அது சுவருக்குள் இருக்கும் பழைய கேட் 5இ வகை லேன் கேபிளிலேயே ஓடும்.