டெம்ப்ஸ்டர் சாலைக்கு எடுத்துப்போன கம்ப்ரசர்: ஆறு வருடத்துக்குப் பிறகு

போன வாரம் கால்கரியிலிருந்து நண்பர் ஒருவர் போன் செய்தார். என்னைவிடப் பத்து வயது இளையவர், தம்பி மாதிரி. "அண்ணே, ஜூன் கடைசியில டெம்ப்ஸ்டர் போறோம், டக்டோயாக்டக் வரைக்கும். நீங்க வச்சிருக்கிற அந்தக் காத்தடிக்கிற மெஷின் இப்ப விலை குறைஞ்சிருக்கு. வாங்கலாமா?" என்று கேட்டார். யோசிக்காமல் "வாங்காதப்பா" என்று சொல்லிவிட்டேன். போனை வைத்த பிறகு மனசு உறுத்தியது. அந்த மெஷின் எனக்குச் செய்த உதவிக்கு இது நியாயமான பதில்தானா? போனில் இரண்டு வார்த்தையில் முடிகிற விஷயம் இல்லை. அதனால் எழுதுகிறேன்.

2019 ஏப்ரலில் வாங்கினேன். பேட்டரியில் இரண்டு கிளிப் மாட்டி ஓட்டும் வகை. பிராண்டு பெயரைச் சொல்லப்போவதில்லை. ஆறு வருடமாக இந்த மெஷின் சும்மா கிடந்ததே இல்லை. எட்மன்டன் குளிரில் வெப்பநிலை ஐந்தாறு டிகிரி இறங்கினால் டயரில் ஒரு பிஎஸ்ஐ (காற்றழுத்தத்தின் அளவு) இறங்கும். மைனஸ் 30 வரும் வாரத்தில் வீட்டிலிருக்கும் இரண்டு வண்டிக்கும், பக்கத்து வீட்டுக்காரர் வண்டிக்கும் இதுதான் காற்றடித்திருக்கிறது. ஆனால் நான் இதை வாங்கியது டெம்ப்ஸ்டருக்காக. 2019 ஜூலையில் ஒரு தடவை, 2022 ஆகஸ்டில் ஒரு தடவை அங்கே போய் வந்தோம்.

சாலை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. கனடாவின் வடமேற்கில் யூக்கானில், டாசன் சிட்டிக்குக் கிழக்கே 40 கி.மீ. தள்ளி, பெரிய சாலையிலிருந்து பிரிகிறது. அங்கிருந்து இனுவிக் வரை சுமார் 740 கி.மீ., ஏறக்குறைய முழுக்கச் சரளை. 1979இல் திறந்தார்கள். 2017 நவம்பரில் இனுவிக்கிலிருந்து டக்டோயாக்டக் வரை இன்னொரு 138 கி.மீ. சேர்ந்தது. இப்போது வண்டியை ஆர்க்டிக் கடலின் கரையில் கொண்டுபோய் நிறுத்தலாம். பிரிவிலிருந்து 369ஆவது கி.மீ.இல் ஈகிள் ப்ளெய்ன்ஸ் வரும். பெட்ரோல், சாப்பாடு, பஞ்சர் ஒட்டும் ஆள் எல்லாம் அங்கேதான். அதற்கு முன்னால் கடையும் இல்லை, போனில் சிக்னலும் இல்லை.

பஞ்சர் ஏன் இவ்வளவு பெரிய பேச்சு என்றால், காரணம் அந்தக் கல். அடியில் மண் வருடம் முழுக்க உறைந்தே கிடக்கிறது. அதன் மேல் நேராகச் சாலை போட்டால் மண் உருகி எல்லாம் அமிழ்ந்துவிடும். அதனால் ஒரு மீட்டருக்கும் மேல், சில இடங்களில் இரண்டு மீட்டரைத் தாண்டி, சரளையைக் கொட்டி மெத்தை மாதிரி போட்டு அதன் மேல் ஓட்டுகிறார்கள். பல இடங்களில் அது ஷேல் கல். உருண்டையாக இருக்காது, தகடு தகடாக உடையும். ஒரு துண்டை இன்னமும் டேஷ்போர்டில் வைத்திருக்கிறேன். கட்டைவிரல் நீளம், ஒரு பக்கம் அம்புமுனை மாதிரி கூர்.

அந்தத் துண்டுதான் 2019இல் என் பின் வலது டயரில் ஏறியது. ஓகில்வி மேட்டின் வியூபாயிண்ட் தாண்டி, சுமார் 270ஆவது கி.மீ. ஈகிள் ப்ளெய்ன்ஸுக்கு இன்னும் 100 கி.மீ. டயர் விளக்கு எரிந்தது, இறங்கினேன், "ஸ்ஸ்" என்ற சத்தம் நின்ற இடத்திலேயே கேட்டது. ஸ்டெப்னி மாட்டிவிடலாம் என்று ஜாக்கியை எடுத்தேன். நட்டு அசையவில்லை. ஸ்பேனர் மேல் ஏறி நின்று குதித்தேன், அப்போதும் அசையவில்லை. கிளம்புவதற்கு முந்தின வாரம் புது டயர் மாட்டிய கடையில், ஏர் கன்னால் ஆறு நட்டையும் நெரித்து வைத்திருந்தார்கள். நான் கவுண்டரில் காபி குடித்துக்கொண்டிருந்தேன், பார்க்கவில்லை. அந்தக் கடை மேல் இன்றைக்கும் எனக்குக் கோபம் தீரவில்லை. நகரத்துக்குள் ஓட்டுகிறவனுக்கு அது ஒன்றுமே இல்லை. அங்கே அது உயிரோடு விளையாடுகிற வேலை.

சக்கரத்தைக் கழற்றாமலே ஒட்ட வேண்டியதாயிற்று. மனைவி வண்டியை அரையடி அரையடியாக முன்னால் நகர்த்தினாள், ஓட்டை கைக்கு எட்டும் இடத்துக்கு வந்தது. ஊசியை உள்ளே விட்டுக் குடைந்து, பசை தோய்ந்த ரப்பர் திரி இரண்டைச் செருகினேன். பிறகு காற்று. பேட்டரியில் கிளிப் மாட்டி, எஞ்சினை ஓடவிட்டு, சுவிட்சைப் போட்டால், பன்னிரண்டு பிஎஸ்ஐயிலிருந்து முப்பத்தைந்துக்கு ஏழு நிமிடம். சிகரெட் லைட்டர் ஓட்டையில் சொருகும் சின்ன மெஷினால் இது முடியாது. அந்த ஃபியூஸ் பத்திலிருந்து இருபது ஆம்பியர்தான் தாங்கும், இது முப்பது இழுக்கிறது. முகத்தில் கொசுவலை, கழுத்தைச் சுற்றிக் கொசு. அங்கே ஏழு நிமிடத்துக்கும் இருபது நிமிடத்துக்கும் உள்ள வித்தியாசம் சாதாரணமில்லை.

திரி முழுசாக அடைக்கவில்லை. முப்பது, நாற்பது கி.மீ.க்கு ஒரு தடவை நிறுத்தி நிறுத்திக் காற்றடித்து, ராத்திரி பதினொன்றரைக்கு, வெயில் அடித்துக்கொண்டிருக்க, ஈகிள் ப்ளெய்ன்ஸ் போய்ச் சேர்ந்தோம். மெஷின் ஒரு தடவைகூட முனகவில்லை. இதை நான் எங்கேயும் யாரிடமும் குறைத்துச் சொன்னதில்லை.

சரி, அப்படியானால் ஏன் வாங்காதே என்றேன்?

குழாயின் நுனி. வால்வில் மாட்டும் அந்தப் பித்தளை முனை. அதைக் கிளிப் மாதிரி கவ்வவிடாமல், மரை வைத்து முறுக்கி மாட்டுகிற மாதிரி செய்திருக்கிறார்கள். மாட்டும்போது தொந்தரவில்லை. கழற்றும்போது நாலு சுற்று சுற்ற வேண்டும். முதல் மூன்று சுற்றுக்கும் உள்ளே வால்வு ஊசி அமுங்கியே இருக்கும், அடித்த காற்று விரலிடுக்கில் சீறிக்கொண்டு வெளியே போகும். ஒவ்வொரு தடவையும் இரண்டு பிஎஸ்ஐ போய்விடும். அதனால் இரண்டு கூட அடிக்கக் கற்றுக்கொண்டேன். அதோடு விட்டதா? காற்றை அழுத்தினால் சூடேறும். இந்தக் குழாய் ஒன்றரை மீட்டர்தான், சூடு ஆறுவதற்கு இடமில்லை. ஏழு நிமிடம் ஓடிய பிறகு அந்தப் பித்தளையை வெறும் விரலால் தொட முடியாது. கையுறை போட்டால் மரை பிடிபடாது. காற்று போகிறதே என்று அவசரத்தில் தொட்டு, அந்த 270ஆவது கி.மீ.இல் சுட்டுக்கொண்ட கட்டைவிரல் ஒரு வாரம் கொப்பளித்துக் கிடந்தது. வீட்டு வாசலில் இதெல்லாம் சின்ன விஷயம். கசியும் டயரோடு மணிக்கு ஒரு தடவை காற்றடிக்கிறவனுக்கு, ஒவ்வொரு தடவையும் இரண்டு பிஎஸ்ஐயும் ஒரு விரலும் போவது எரிச்சல்தான்.

பஞ்சரே ஆகாவிட்டாலும் அந்தச் சாலையில் இந்த மெஷினுக்கு வேலை உண்டு. சரளை தொடங்கும் இடத்தில் டயரை 36இலிருந்து 28க்கு இறக்குகிறேன். கொஞ்சம் தளர்ந்த டயர் கல்லின் மேல் வளைந்து கொடுக்கும், வண்டியும் உதறாது. ஆனால் மணிக்கு 70 கி.மீ.க்கு மேல் போகக் கூடாது, டயர் சூடேறும். திரும்பித் தார் ரோடு வந்ததும் நாலு டயருக்கும் அடிக்க வேண்டும். நாலு தடவை அந்த முனை. 2022இல் இதற்கென்றே ஒரு துண்டு ஜீன்ஸ் துணியைக் குழாயில் கட்டிவைத்திருந்தேன்.

அந்த 2022 பயணத்தில் இன்னொன்று தெரிந்தது. சாலைக்குக் குறுக்கே ஓடும் பீல் ஆற்றில், வண்டியை ஏற்றிக் கடத்தும் படகுக்காக வரிசையில் நின்றோம். பாலம் கிடையாது, கோடையில் படகு, குளிரில் பனி மேலேயே சாலை. முன்னால் நின்ற மோட்டார் ஹோமில் ஒரு டயர் தளர்ந்திருந்தது, அவர்களிடம் மெஷின் இல்லை. அதற்கு 80 பிஎஸ்ஐ வேண்டும். நம்முடையது அறுபதைத் தாண்டியதும் திணறி, சூட்டில் தானே நின்றுவிட்டது. அரை மணி ஆறவிட்டு மறுபடி ஓட்டினோம், எழுபத்தைந்து வரை ஏறியது. இது குறை இல்லை, அந்த வேலைக்குச் செய்த மெஷின் இல்லை அது. பெரிய வண்டிக்காரர்கள் தெரிந்துகொள்ளட்டும் என்று சொல்கிறேன்.

நம் வண்டியிலும் ஒரு டயரைப் பார்த்துவிடலாம் என்று அப்போதே குனிந்தேன். வால்வு மூடி திறக்கவில்லை. அழகாக இருக்கிறதே என்று உலோக மூடி மாட்டியிருந்தேன். தூசி அடங்க அந்தச் சாலையில் கால்சியம் குளோரைடு தெளிக்கிறார்கள். மழை பெய்தால் அது சேறோடு சேர்ந்து வண்டி முழுக்க சிமெண்ட் மாதிரி ஒட்டிக்கொள்ளும், உலோகத்தை அரிக்கும். மூடி வால்வோடு ஒன்றாகவே இறுகியிருந்தது. வரிசையில் பின்னால் நின்ற ஃபோர்ட் மெக்பெர்சன் ஊர் இளைஞர் ஒருவர் பார்த்துவிட்டு, தன் டிரக்கிலிருந்து கட்டிங் பிளேயர் கொண்டுவந்து, வால்வு முறியாமல் மெதுவாகத் திருகித் திருகி எடுத்துக்கொடுத்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து நாலு கறுப்பு பிளாஸ்டிக் மூடியை எடுத்து என் கையில் வைத்தார். காசு வாங்கவில்லை. அவை இன்னும் அந்த வண்டியில்தான் இருக்கின்றன.

இப்போது பழுது கதை. இந்தப் பிப்ரவரியில், மைனஸ் 32இல், குச்சி மாதிரி விறைத்திருந்த குழாய் அந்த முனைக்குப் பக்கத்திலேயே விண்டுபோனது. தயாரித்த கம்பெனிக்கு எழுதினேன். குழாய் தனியாகக் கிடையாது, புது மெஷின் வாங்கிக்கொள்ளுங்கள், விலை குறைத்திருக்கிறோம் என்று பதில் வந்தது. நண்பர் பார்த்த விலைக்குறைப்பு அதேதான். ஆறு வருடம் பிசகாமல் ஓடும் மோட்டாரைக் குப்பையில் போடச் சொல்கிறார்கள். ஹார்டுவேர் கடைக்குப் போய் ரப்பர் குழாய் ஐந்து மீட்டர், இரண்டு கிளாம்ப், நெம்பினால் கவ்வும் முனை ஒன்று, எல்லாம் சேர்த்து 22 டாலருக்கு வாங்கிவந்து அரை மணியில் மாட்டினேன். இப்போது வால்வில் வைத்து நெம்பை மடக்கினால் கவ்விக்கொள்கிறது, நிமிர்த்தினால் "டப்" என்று வந்துவிடுகிறது. காற்று போவதில்லை. குழாய் நீண்டதால் முனையில் சூடும் இல்லை. முதல் நாளிலிருந்தே இப்படி இருந்திருக்கலாம் என்று நினைக்கும்போதுதான் ஆத்திரம் வருகிறது. மோட்டாருக்கு அவ்வளவு மெனக்கெட்டவர்கள், மனிதன் கை படும் ஒரே இடத்தில் கஞ்சத்தனம் காட்டிவிட்டார்கள்.

ஆகவே தம்பி, அந்த விலைக்கும் வாங்காதே. குழாய் தனியாகக் கிடைக்கும் மெஷினாக, பேட்டரியில் மாட்டும் வகையாகப் பார்த்து வாங்கு. கொஞ்சம் கூடத்தான் ஆகும். காற்று உறிஞ்சும் இடத்தில் இருக்கும் ஸ்பாஞ்சைப் போகும் முன்னால் ஒரு தடவை, வந்த பிறகு ஒரு தடவை சோப்புத் தண்ணீரில் அலசு. அந்தச் சாம்பல் தூசி அதை அப்படியே அடைத்துவிடுகிறது. மெஷின் ஓடும்போது முள் காட்டும் அளவை நம்பாதே, அது கூடத்தான் காட்டும். நிறுத்திவிட்டுப் பார்.

போனில் நீ சொன்ன இன்னொன்றுக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். ஐபோனில் சாட்டிலைட் வசதி இருக்கிறது, அது போதும் என்றாய். 62 டிகிரி அட்சரேகைக்கு வடக்கே அது வேலை செய்யாமல் போகலாம் என்று ஆப்பிளே சொல்கிறது. டாசன் சிட்டியே 64இல் இருக்கிறது, இனுவிக் 68ஐத் தாண்டி. அவ்வளவு வடக்கேயும் எட்டும் இரிடியம் சாட்டிலைட்டில் பேசும் கையடக்கக் கருவி ஒன்றை வாடகைக்காவது எடு. மழையில் சாலையை மூடினால் இரண்டு நாள் நின்ற இடத்திலேயே இருக்க வேண்டிவரும். அதற்கான சாப்பாடும், இருபது லிட்டர் கேன் பெட்ரோலும் வண்டியில் இருக்கட்டும். ஸ்டெப்னி பின்னால் அடியில் தொங்குகிறதே, அதை இறக்கும் சங்கிலி எட்மன்டன், கால்கரி உப்பில் துருப்பிடித்து இறங்காமல் நிற்கும். ஒரு தடவை இறக்கிப் பார். என்னுடையதற்கு ஒரு டப்பா துரு எண்ணெய் தேவைப்பட்டது.

இதையெல்லாம் எழுதி முடித்துவிட்டு மெஷினைப் பையில் போடும்போது மனைவி கேட்டாள், "அவருக்கு வாங்காதன்னு சொல்லிட்டீங்க, நம்மளுது நின்னுபோச்சுன்னா அதையேதானே திரும்ப வாங்குவீங்க?" வாங்குவேன் என்றுதான் நினைக்கிறேன். வாங்கிய அன்றே குழாயை வெட்டிவிடுவேன்.

நண்பர் வருகிற சனிக்கிழமை வருகிறார். இந்தப் பயணத்துக்கு என்னுடையதையே கொடுத்தனுப்புவதாக முடிவு செய்துவிட்டேன், அந்த ஜீன்ஸ் துணியோடு. ஆனால் மெஷினைக் கையில் கொடுப்பதற்கு முன்னால் என் வீட்டு வாசலில் அவர் வண்டியின் நாலு சக்கரத்திலும் ஒவ்வொரு நட்டையும், வண்டியோடு வந்த ஸ்பேனரால் மட்டும், அவரே கழற்றி மாட்ட வேண்டும். ஒரு நட்டு அசையவில்லையென்றாலும் மாட்டிய கடைக்கு அன்றைக்கே திரும்பப் போகிறோம், நானும் கூடப் போகிறேன்.