கழுதை ஆட ஏற்ற சீட்டுக்கட்டு

எங்கள் வீட்டில் சீட்டு என்றால் கழுதை ஆட்டம்தான். காசு வைத்து ஆடும் பேச்சே கிடையாது, அம்மாயி விடமாட்டார். சேலம் அம்மாபேட்டை வீட்டுக் கூடத்தில் பாயை விரித்தால் ஆறு பேர் வட்டமாக உட்கார்ந்துவிடுவோம். போன மே மாதம் முதல் அக்ரகாரத்துப் பக்கம் ஒரு பேன்சி கடையில், முழுக்க பிளாஸ்டிக்கால் ஆன கட்டு ஒன்றை 220 ரூபாய்க்கு வாங்கினேன். அதற்கு முன்பு எல்லாம் 50 ரூபாய் அட்டைக் கட்டுதான். ஏழு மாதம் ஆடிப் பார்த்துவிட்டு இதை எழுதுகிறேன்.

அட்டைக் கட்டை விட்டதற்குக் காரணம் தட்டுவடை செட். ஞாயிறு சாயங்காலம் ஆட்டத்துக்கு நடுவே ஒரு பொட்டலம் வந்துவிடும். பீட்ரூட் துருவலும் சட்னியும் பட்ட விரலோடு சீட்டைத் தொட்டால் கறை அப்படியே ஊறிவிடும். எங்கள் பழைய கட்டில் இஸ்பேட் ராஜாவின் முதுகில் ஒரு சிவப்புப் புள்ளி. அது யார் கையில் இருக்கிறது என்று கூடத்தில் இருக்கும் எல்லோருக்கும் தெரியும். ரம்மியில் அது சின்ன விஷயமாகப் போகலாம், கழுதையில் ஆட்டமே கெட்டுவிடும்.

ஏன் என்று புரிய ஆட்டத்தைச் சொல்ல வேண்டும். 52 சீட்டையும் மிச்சமில்லாமல் போட்டுவிடுவோம். ஆறு பேர் என்றால் நான்கு பேருக்கு ஒன்பது, இரண்டு பேருக்கு எட்டு. இஸ்பேட் ஏஸ் வைத்திருப்பவர் அதை இறக்கித் தொடங்குவார், மற்றவர்களும் இஸ்பேட்தான் போட வேண்டும். எல்லோரும் போட்டுவிட்டால் அந்தச் சீட்டுகளைக் கவிழ்த்து ஓரமாக ஒதுக்கிவிடுவோம், பெரிய சீட்டு போட்டவர் அடுத்ததை இறக்குவார். இறக்கிய வகை ஒருவரிடம் இல்லையென்றால் வேறு எதையாவது போட்டு வெட்டலாம். வெட்டு விழுந்ததும் சுற்று அங்கேயே நின்றுவிடும். இறக்கிய வகையில் பெரிய சீட்டு போட்டிருந்தவர் அத்தனையையும் வாரிக்கொள்ள வேண்டும், அடுத்து இறக்குவதும் அவர்தான். முதல் சுற்றில் மட்டும் எங்கள் வீட்டில் வெட்டு கிடையாது. கை காலியானவர் தப்பித்தார், கடைசியில் சீட்டோடு இருப்பவர் கழுதை.

இதில் கணக்குதான் உயிர். ஒரு வகைக்கு 13 சீட்டு. ஆறு பேரும் ஆட்டத்தில் இருக்கும்போது ஆட்டின் (ஹார்ட்ஸ்) வகையில் இரண்டு முழுச் சுற்று ஒதுங்கிவிட்டால் 12 போயிற்று, மிச்சம் ஒன்றே ஒன்று. அதை வைத்திருப்பவர் இறக்கினால் அடுத்தவர் கண்டிப்பாக வெட்டுவார், வெட்டிய சீட்டும் சேர்ந்து அவரிடமே திரும்பும். வேறு வகையை இன்னொருவர் இறக்கும்போது வெட்டித்தான் அதைத் தள்ள முடியும். இப்படி நினைவில் வைத்து ஆடும் இடத்தில் ராஜா யாரிடம் என்று கறை காட்டிக்கொடுத்தால் எப்படி? அவர் வாரட்டும் என்றே சின்ன இஸ்பேடாகப் பார்த்து இறக்குவார்கள்.

பிளாஸ்டிக் கட்டில் அந்தத் தொல்லை தீர்ந்தது. ஈரத் துணியால் துடைத்தால் போதும், சட்னி, மாம்பழச் சாறு எல்லாமே போய்விடுகிறது. முதுகில் இதுவரை ஒரு அடையாளம்கூட இல்லை.

எனக்கு இன்னும் பிடித்தது அகலம். கடைகளில் இரண்டு அளவு கிடைக்கிறது, 63 மில்லிமீட்டர் ஒன்று, 57 மில்லிமீட்டர் ஒன்று. உயரம் கிட்டத்தட்ட ஒன்றுதான். நான் வாங்கியது குறுகலானது. அடுத்தடுத்து வெட்டு வாங்கினால் கையில் நிறையச் சீட்டு சேர்ந்துவிடும், அகலச் சீட்டை விரித்துப் பிடிக்கச் சின்னப் பிள்ளைகளுக்குக் கை எட்டாது. என் அக்கா மகள் ஒன்பது வயதுக்காரி, இதைத் தானே பிடித்துக்கொள்கிறாள். எண்ணும் பெரிய எழுத்தில் இருப்பதால் அம்மாயி கண்ணாடி தேடாமல் ஆடுகிறார்.

குறையும் உண்டு. எண்கள் இரண்டு மூலையில்தான் அச்சாகியிருக்கின்றன. என் மகன் இடது கைப் பழக்கம், அவன் விரித்தால் எண்கள் உள்ளே மறைந்துவிடுகின்றன. ஒவ்வொன்றாக விலக்கிப் பார்ப்பதற்குள் "இறக்குடா, இறக்குடா" என்று சுற்றி இருப்பவர்கள் அவசரப்படுத்துவார்கள், பாவமாக இருக்கும். நான்கு மூலையிலும் போட்டால் என்ன செலவாகிவிடும்? அப்புறம், புதிதில் பயங்கர வழுக்கல். கலைக்கும்போது பாதிக் கட்டு பாயில் சிதறும். ஒரு மாதம் ஆடிய பிறகுதான் கைக்கு வந்தது.

டிசம்பரில் ஏற்காட்டுக்கு எடுத்துப் போனோம். 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி, காப்பித் தோட்டத்துக்குள் ஒரு வீட்டில் இரண்டு நாள். ஜன்னலைத் திறந்தால் மூடுபனி கட்டில் வரைக்கும் வந்துவிடும். முந்தின வருடம் அதே பனியில் அட்டைச் சீட்டு நமுத்து, இரண்டு ஒன்றாக ஒட்டிக்கொண்டு, டைமன் கணக்கு 12 என்றே வந்து ராத்திரி பதினோரு மணிக்குச் சண்டை. இந்த முறை ஒரு சீட்டும் ஒட்டவில்லை. அம்மாயி இரண்டு தடவை கழுதையானார், இரண்டு தடவையும் "இன்னொரு ஆட்டம் போடு கண்ணு" என்றார்.

வாங்கப் போகிறவர்கள் கடையிலேயே கட்டைப் பிரித்துக் காட்டச் சொல்லுங்கள். 52 இருக்கிறதா என்று எண்ணிவிட்டு, ஒரு சீட்டை லேசாக வளைத்துப் பாருங்கள். நல்ல பிளாஸ்டிக் உடனே நேராகிவிடும்.