தசை தளர்த்தி இல்லாமல் மூச்சுக்குழாய் போட: ஃபென்டனிலா, ரெமிஃபென்டனிலா?

காரைக்குடியில் தைராய்டு அறுவைக்கு வந்த ஓர் ஆச்சி, சிரிஞ்சில் வெள்ளையாக இருந்த மயக்க மருந்தான புரோபோஃபாலைப் பார்த்து, "என்ன தம்பி, பாலா?" என்றார். குரல் நரம்பை மானிட்டரில் கவனிக்க வேண்டியிருந்ததால், தசை அசைவையே அடக்கிவிடும் தசை தளர்த்தி வேண்டாம் என்று முடிவு. சரி, புரோபோஃபாலுக்குத் துணை எது, ஓபியாய்டு வலிநீக்கிகளான ஃபென்டனிலா, ரெமிஃபென்டனிலா?

60 கிலோ ஆளுக்குக் கணக்குப் போடுவோம். புரோபோஃபால் கிலோவுக்கு 2 மி.கி., ஆக 120 மி.கி.; ஒரு சதவீத மருந்தில் 12 மி.லி. துணை மருந்து எதுவானாலும் கிலோவுக்கு 3 மைக்ரோகிராம் என்றால் 180 மைக்ரோகிராம். எண் ஒன்றுதான், நேரம்தான் வேறு. ஃபென்டனில் உச்சம் தொட நாலைந்து நிமிடம் ஆகும். முதலில் அதைப் போட்டுவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்துக் காத்திருக்க வேண்டும். அவசரப்பட்டு, குரல்வளையைப் பார்க்க உதவும் லாரிங்கோஸ்கோப்பை வைத்தால் இருமல் வரும், குரல் நாண்கள் மூடிக்கொள்ளும். ரெமிஃபென்டனில் ஒன்றரை நிமிடத்தில் பிடித்துவிடும். ரத்தத்திலும் திசுக்களிலும் உள்ள எஸ்டரேஸ் நொதிகள் சிதைப்பதால் சில நிமிடங்களில் இறங்கியும் விடும்.

ஆனால் அதே வேகத்தில் நாடியும் ரத்த அழுத்தமும் விழும். நெஞ்சு விறைப்பும் வரலாம். நாடியைத் தூக்கும் அட்ரோபின், ரத்த அழுத்தத்தைத் தூக்கும் எபெட்ரின் இரண்டையும் சிரிஞ்சில் ஏற்றி வைக்காமல் நான் அதைத் தொடுவதில்லை.

குழாய் போடும் வசதிக்கு ரெமிஃபென்டனில்தான் என் கட்சி. இரண்டுமே தசை தளர்த்திக்கு ஈடில்லை என்பது வேறு விஷயம்; தளர்த்தி இல்லாவிட்டால் தொண்டைக் கரகரப்பு கூடுதல்தான்.

ஆச்சிக்கும் ரெமிஃபென்டனில்தான் போட்டேன், வயதுக்காக இரண்டு மருந்தையும் குறைத்து, ஒரு நிமிடத்துக்கு மேல் எடுத்து, மெதுவாக.