டீசல் பிக்கப்பா, பெட்ரோல் குட்டி யானையா? ஒரு வாழை வியாபார வீட்டின் வண்டிக் கணக்கு

எங்கள் வீட்டில் இரண்டு வண்டிகள். ஒன்று 750 கிலோ ஏற்றும் பெட்ரோல் வண்டி. எந்தக் கம்பெனி செய்தாலும் இந்த ரகத்தை ஊரில் குட்டி யானை என்றுதான் கூப்பிடுகிறார்கள். இன்னொன்று ஒன்றரை டன் ஏற்றும் டீசல் பிக்கப். இரண்டுமே பி.எஸ்.6, அதாவது 2020இல் வந்த புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி செய்தவை. பெட்ரோலை என் வீட்டுக்காரர் ஓட்டுகிறார், டீசலைக் கொழுந்தனார். நான் ஸ்டியரிங் பிடிப்பதில்லை. ஆனால் பங்க் பில், சர்வீஸ் பில், டயர், இன்சூரன்ஸ், இ.எம்.ஐ. எல்லாம் என் நோட்டில்தான் ஏறும். ஓட்டுகிறவர்கள் வண்டி நன்றாக இழுக்கிறது, இழுக்கவில்லை என்று பேசுவார்கள். எனக்கு மாதக் கடைசியில் என்ன மிஞ்சுகிறது என்பதுதான் பேச்சு. எங்கள் வண்டிகளின் கம்பெனிப் பெயர்களை எழுதப் போவதில்லை. நான் சொல்ல வருவது எரிபொருளாலும் வண்டி அளவாலும் வரும் வித்தியாசம், அது எந்தக் கம்பெனிக்கும் பொருந்தும்.

தொழில் இதுதான். திருக்காட்டுப்பள்ளிப் பக்கம், காவிரிக்கும் குடமுருட்டிக்கும் நடுவில், படுகைத் தோட்டங்களில் வாழை இலையும் தாரும் எடுத்துக் கும்பகோணம், தஞ்சாவூர், திருச்சி காந்தி மார்க்கெட் என்று கொண்டுபோய்ப் போடுகிறோம். அறுவடைக் காலத்தில் நெல் மூட்டை வாடகைக்கு அடிப்போம். நெல்லைக் கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டுபோவதற்குத்தான் அப்போது வண்டி கேட்டு ஆள் மேல் ஆள் வருவார்கள்.

புது வண்டி எடுக்க வருகிற எல்லோரும் முதலில் கேட்பது, "லிட்டருக்கு எத்தனை கொடுக்குது?" என் நோட்டுப்படி பெட்ரோல் வண்டி லோடோடு 15, டீசல் பிக்கப் 13. எங்கள் பங்கில் பெட்ரோல் 101 ரூபாயைச் சுற்றியும் டீசல் 93 ரூபாயைச் சுற்றியும் நிற்கிறது. ஆகக் கிலோமீட்டருக்குப் பெட்ரோல் வண்டிக்கு 6.75, டீசலுக்கு 7.15. இதைக் கேட்டதும் "அப்போ பெட்ரோல்தான் சிக்கனம்" என்று கிளம்பிவிடுவார்கள். அங்கேதான் கணக்கு தப்புகிறது.

மூட்டையை வைத்துப் பாருங்கள். 40 கிலோ மூட்டை என்றால் பெட்ரோலில் 18 மூட்டை, டீசலில் 37 மூட்டை. களத்திலிருந்து கொள்முதல் நிலையத்துக்குப் போக வர 10 கிலோமீட்டர் என்றால், 100 மூட்டைக்குப் பெட்ரோல் வண்டி ஆறு நடை போக வேண்டும், டீசல் மூன்று. பெட்ரோலுக்குச் செலவு 405 ரூபாய், டீசலுக்கு 215. ஓட்டுகிறவரின் நேரமும் பாதி. முழு லோடு நெல், முழு லோடு தார் என்றால் டீசலைப் பெட்ரோல் தொடவே முடியாது.

இலைக்கு வந்தால் கதை தலைகீழ். இலைக்கட்டு இடத்தை அடைக்கும், எடை காட்டாது. கட்டுகளை நெருக்கி நிறுத்தி, ஈரச் சாக்கைப் போர்த்தி, மேலே தார்ப்பாய் இழுத்துக் கட்டினால் குட்டி யானையின் தொட்டி நிரம்பிவிடும், ஆனால் 750 கிலோவுக்கு எங்கேயோ கீழே இருக்கும். முகூர்த்த நாள் தவிர மற்ற நாளில் ஒன்றரை டன் வண்டியில் இலை அனுப்பினால் பாதித் தொட்டி காற்றுதான். இதற்கு டீசல் பிக்கப்பை எடுத்தால் எரிபொருள் கிட்டத்தட்ட அதே செலவு, மற்றதெல்லாம் கூடுதல்.

அந்த "மற்றதெல்லாம்" என்ன? எங்கள் இரண்டு வண்டிக்கும் ஆன்ரோடு விலையில் நாலு லட்சத்தை ஒட்டி வித்தியாசம். அஞ்சு வருடக் கடன், வட்டி எல்லாம் போட்டு, வருடத்துக்கு 300 வேலைநாள் என்று வகுத்தால், டீசல் பிக்கப் பெட்ரோலை விட நாளுக்கு 300 ரூபாய்க்குக் குறையாமல் அதிகமாகக் கேட்கிறது. வாசலில் நின்றாலும் கேட்கும். என்ஜின் ஆயில் பெட்ரோலுக்கு ஊற்றுவது போல இரண்டு மடங்கு, அதுவும் சாம்பல் குறைந்த ரகம்தான் ஊற்ற வேண்டும். டீசல் ஃபில்டர் தனி. டர்போ, இன்ஜெக்டர் பக்கம் ஏதாவது வந்தால் பில்லைப் பார்க்காமல் கையெழுத்துப் போடுவது மனதுக்கு நல்லது. பெட்ரோலில் அதிகபட்சம் பிளக், காயில். கிளட்ச் மட்டும் சீக்கிரம் தேயும், அதைப் பிறகு சொல்கிறேன்.

இரண்டுக்கும் சமமாக வருகிற செலவுகளும் உண்டு. சரக்கு வண்டியில் மொத்த எடை (வண்டியும் லோடும் சேர்த்து) 7,500 கிலோ வரை மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் 2022இல் வைத்த விகிதப்படி 16,049 ரூபாய். டீசல் பெட்ரோல் பேதமில்லை. வண்டி ஓடத் தகுதி என்று கொடுக்கும் சான்றான எஃப்.சி. முதல் எட்டு வருடம் இரண்டு வருடத்துக்கு ஒரு தரம், அப்புறம் வருடா வருடம். மொத்த எடை 3,000 கிலோவைத் தாண்டாத வண்டிக்குப் பெர்மிட் வேண்டாம். பெரிய பிக்கப் எடுக்கிறவர்கள் ஆர்.சி.யில் அந்த எண்ணைப் பார்த்துவிட்டு எடுங்கள்.

இப்போது டீசலின் பெரிய தலைவலி. பி.எஸ்.6 டீசலில் புகைபோக்கி வழியில் கரியைப் பிடிக்க ஒரு வடிகட்டி இருக்கிறது, டி.பி.எஃப். என்பார்கள். பிடித்த கரியை அது அவ்வப்போது தானே எரித்துக்கொள்ள வேண்டும். அதற்குப் புகைக்குழாய் நன்றாகச் சூடேற வேண்டும். அதாவது ஒரே சீரான வேகத்தில் கால் மணி, இருபது நிமிடம் ஓட வேண்டும். எங்கள் படுகையில் அதற்கு எங்கே போவது? தோட்டத்துக்குத் தோட்டம் அரைக் கிலோமீட்டர், இரண்டாம் கியர், நிறுத்து, ஏற்று, மறுபடி ஸ்டார்ட். நடுவில் மாடு, வரப்பு, எதிரே டிராக்டர். இலை எடுக்கும் வேலையில் வாரம் முழுக்க இப்படி ஓடினால் டேஷ்போர்டில் ஆரஞ்சு விளக்கு வந்துவிடும்.

"அண்ணி, மறுபடி அந்த லைட்டு வந்துடுச்சு."

"லோடு ஏதும் இருக்கா தம்பி?"

"காலி வண்டிதான்."

"அப்போ பூதலூர் வழியா செங்கிப்பட்டி போயிட்டு வந்துடுங்க."

செங்கிப்பட்டியில் திருச்சி–தஞ்சாவூர் நாலு வழிச் சாலை. அங்கே ஏறி, காலி வண்டியை அறுபதில் பிடித்துக் கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டுத் திரும்பினால் விளக்கு அணைந்துவிடும். கரியைக் காற்றில் விட டீசலைக் காற்றில் விடுகிறோம். இதை என் நோட்டில் "செங்கிப்பட்டி" என்று தனித் தலைப்பிலேயே எழுதுகிறேன். விளக்கை மதிக்காமல் ஓட்டினால் வண்டி தானாகவே சக்தியைக் குறைத்துக்கொள்ளும், அப்புறம் ஒர்க்‌ஷாப்பில் கம்ப்யூட்டர் மாட்டி எரிக்க வேண்டும். திருச்சிக்குத் தார் ஏற்றி ஒழுங்காகப் போய்வரும் மாதங்களில் இந்தத் தலைப்பே வராது. ஆக வண்டியில் கோளாறு இல்லை, அதற்கு நாம் கொடுக்கும் வேலைதான் ஒத்துவரவில்லை. சில இடங்களில் அந்த வடிகட்டியையே குடைந்து எடுத்துவிடுகிறார்கள். செய்யாதீர்கள், சட்டப்படி தப்பு, எஃப்.சி.யிலும் மாட்டும்.

பெட்ரோலின் குறையையும் சொல்ல வேண்டும். படுகையிலிருந்து கரைக்கு ஏறும் இடம் எல்லாத் தோட்டத்துக்கும் உண்டு. ஐப்பசி மழை விழுந்தபின் அந்த ஏற்றத்தில் முழு லோடு பெட்ரோல் வண்டி முனகும். 694 சி.சி. பெட்ரோல் குட்டி யானையின் இழுவை 55 நியூட்டன் மீட்டர். ஒன்றரை லிட்டர் டீசல்களுக்கு அதில் இரண்டரை மடங்குக்கு மேல். டீசல் முதல் கியரில் பேசாமல் ஏறிப் போகும். பெட்ரோலை ஏற்ற என் வீட்டுக்காரர் பாதிக் கிளட்ச்சில் நிறுத்தி ஆக்ஸிலேட்டரை அமுக்குவார், கருகிய வாடை தோட்டக்காரர் வரைக்கும் வரும். கிளட்ச் பிளேட் சீக்கிரம் போவது இதனால்தான். 750 கிலோ வண்டியில் ஒரு டன் ஏற்றினால் மைலேஜும் 15இலிருந்து சரசரவென்று இறங்கும். ஓவர்லோடு அடிக்கத்தான் போகிறீர்கள் என்றால் பெட்ரோல் பக்கமே வராதீர்கள்.

அப்புறம் எத்தனால். இப்போது பங்கில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். லிட்டருக்கு லிட்டர் பார்த்தால் எத்தனாலில் பெட்ரோலின் மூன்றில் இரண்டு பங்கு சக்திதான் இருக்கிறது, அதனால் மைலேஜில் கொஞ்சம் கடித்துக்கொள்ளும். கரும்பு, மக்காச்சோளம் மட்டுமல்ல, அரிசியிலிருந்தும் அதை எடுக்கிறார்கள். நெல் ஏற்றிப் போகிற வண்டிக்குள்ளேயே அரிசி எரிகிறது என்று மாமனார் சிரிப்பார்.

சரி, ஒரே அளவு வண்டியில் இரண்டு எரிபொருளும் கிடைத்தால்? சிறிய வண்டியில் டீசலுக்கு ஒரு லட்சம் கூடுதல், அது 20 கொடுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கிலோமீட்டருக்கு 4.65. பெட்ரோலோடு வித்தியாசம் 2.10. ஒரு லட்சத்தை மீட்க 47,000 கிலோமீட்டருக்கு மேல் ஓட வேண்டும். நாளுக்கு 40 கிலோமீட்டர் ஓடுகிறவருக்கு நாலு வருடம், 120 ஓடுகிறவருக்கு ஒன்றரை வருடத்துக்குள். சர்வீஸ் வித்தியாசத்தைச் சேர்த்தால் முதல் ஆளுக்கு இன்னும் தள்ளிப் போகும்.

"வியாபாரத்துக்கு டீசல்தான்" என்பது எங்கள் பக்கத்தில் ஊறிய பேச்சு. அது பழைய விலையில் பிறந்தது. 2012இல் பெட்ரோலுக்கும் டீசலுக்கும் லிட்டருக்கு 30 ரூபாய் இடைவெளி இருந்தது. 2014 அக்டோபரில் டீசல் விலையிலிருந்து அரசு கையை எடுத்தது, இன்று இடைவெளி எட்டு ரூபாய் சொச்சம். 2020இல் பி.எஸ்.6 வந்தபோது மாருதி தன் சூப்பர் கேரியில் டீசலையே விட்டுவிட்டது. அதே வருடம் டாடா ஏஸில் பெட்ரோலைக் கொண்டுவந்தது. சின்ன வண்டிக்குப் பெட்ரோலும் போதும் என்று கம்பெனிகளே காட்டிவிட்டன. மிச்சமிருக்கும் எட்டு ரூபாயில் வரி வித்தியாசத்துக்குப் பெரும் பங்கு உண்டு. அமெரிக்காவில் மத்திய வரியே காலனுக்குப் பெட்ரோலுக்கு 18.4 சென்ட், டீசலுக்கு 24.4. அங்கே பங்கில் டீசல்தான் பெரும்பாலும் விலை அதிகம். நம் ஊரிலும் வரியை மாற்றினால் ஒரு ராத்திரியில் என் நோட்டு மாறிவிடும்.

சி.என்.ஜி. பற்றிக் கேட்பீர்கள். நரிமணத்திலும் குத்தாலத்திலும் பூமிக்கடியிலிருந்து எடுக்கிற எரிவாயு எங்கள் டெல்டாவுடையதுதான், ஆனால் விடியற்காலை இலையோடு நிற்கிறவர் கேஸுக்கு வரிசையில் நிற்க முடியாது. பங்க் வீட்டுப் பக்கத்தில் இருக்கிறவர்களுக்கு அது நல்ல வழி.

விற்கும்போது டீசலுக்குத்தான் மவுசு, அதை மறைக்கவில்லை. பிக்கப் விற்பனைக்கு என்று சொன்ன மறுநாளே ஆள் வந்து நிற்கும். பெட்ரோல் வண்டியைக் கேட்கிறவர்கள் கறிகாய் வியாபாரிகள், தண்ணீர் கேன் போடுகிறவர்கள், பேரம் இழுக்கும். ஆனால் விடியற்காலை மூணு மணிக்குத் தெருவை எழுப்பாமல் கிளம்பும் வண்டி பெட்ரோல்தான். பக்கத்து வீட்டு அத்தையிடம் எனக்கு நல்ல பெயர் இருப்பதற்கு அதுவும் காரணம்.

இப்போது கொழுந்தனார் இன்னொரு டீசல் பிக்கப் எடுக்கலாம் என்கிறார். 2025 செப்டம்பரில் சரக்கு வண்டிக்கு ஜி.எஸ்.டி. 28இலிருந்து 18 ஆகிவிட்டது, விலை இறங்கிவிட்டது என்று ஷோரூம் விலைப்பட்டியலைக் கொண்டுவந்து வைத்திருக்கிறார். திருச்சி மண்டிக்காரர் தினம் ஒரு முழு லோடு தார் எடுத்துக்கொள்கிறேன் என்று வருடத்துக்கு வாக்குக் கொடுத்தால் நாளைக்கே முன்பணம் கட்டலாம் என்று சொல்லியிருக்கிறேன். இல்லையென்றால் அடுத்ததும் பெட்ரோல்தான்.