யாங்கி ஸ்டேடியம் மான்யுமென்ட் பார்க்: 23ம் நம்பர் முன்னாடி நின்னு கேட்ட வாக்குவாதம்

நியூயார்க்ல யாங்கீஸ் டீமோட பேஸ்பால் மேட்ச் பாக்க டிக்கெட் எடுத்துருந்தீங்கன்னா கேட் தொறக்கற நேரத்துக்கே ஸ்டேடியம் இருக்கற பிராங்ஸ் பகுதிக்குப் போய் சேந்துருங்க, ஏன்னா சென்டர் ஃபீல்டுக்கு, அதாவது பேட் பண்றவருக்கு நேர் எதிர்ல இருக்கற எல்லைக்கு, பின்னாடி இருக்கற மான்யுமென்ட் பார்க்குங்கற நினைவிடத்த மேட்ச் தொடங்க 45 நிமிஷம் இருக்கும்போதே மூடிருவாங்க. தனியா காசு கிடையாது, மேட்ச் டிக்கெட்டே போதும். 4ம் நம்பர் ட்ரெயின், இல்லன்னா டி ட்ரெயின் புடிச்சு 161வது தெருவுல எறங்குனா கண்ணு முன்னாடி ஸ்டேடியம். நானும் மச்சானும் 2025 ஜூன்ல போனோம்.

உள்ள இருக்கறது ரிட்டயர் பண்ண ஜெர்சி நம்பருங்க (பெரிய ஆளோட மரியாதைக்காக இனிமே டீம்ல யாரும் போடக் கூடாதுன்னு எடுத்து வச்ச நம்பர்), அந்தந்த ஆளுங்களோட தகடு, அப்பறம் ரூத், கெரிக், டிமாஜியோ, மேன்டில் மாதிரி பழைய யாங்கீஸ் ஜாம்பவானுங்களுக்கு பெரிய கல்லு. இதுல சில கல்லு 1970கள் வரைக்கும் பழைய ஸ்டேடியத்துல கிரவுண்டுக்குள்ளயே நின்னுச்சாம், பந்து அங்க உருண்டு போனா ஃபீல்டர் கல்லுக்குப் பின்னாடி ஓடித்தான் எடுக்கணும். இப்ப 1லேருந்து 9 வரைக்கும் ஒரு நம்பர் கூட பாக்கி இல்ல. 1929ல முதுகுல நம்பர் போட ஆரம்பிச்சப்ப பேட்டிங் ஆர்டர் படி குடுத்துருக்காங்க, ரூத் மூணாவது எறங்குவாரு அதனால 3, அடுத்து வர்ற கெரிக்குக்கு 4. பேஸ்பால்லயே மொதல்ல ரிட்டயர் ஆன ப்ளேயர் நம்பர் அந்த 4தான். 8க்கு ரெண்டு சொந்தக்காரங்க, பில் டிக்கியும் யோகி பெராவும், ரெண்டு பேரும் கேட்சர் (நம்ம விக்கெட் கீப்பர் மாதிரி), 1972ல சேத்தே எடுத்துருக்காங்க.

ஆனா எனக்கு மனசுல நின்னது தகடு இல்ல, அத பாக்க வர்ற ஜனம். எங்களுக்கு முன்னாடி ஒரு பெரியவர், துணி நூல்நூலா பிரிஞ்ச தொப்பி, தர்மன் மன்சனோட 15 கிட்ட வந்ததும் தொப்பிய கழட்டி நெஞ்சுல வச்சுக்கிட்டாரு. மன்சன் 1979 ஆகஸ்ட்ல சொந்த விமானத்துல லேண்டிங் பழகும்போது விழுந்து செத்துப்போன கேட்சர். அவரோட லாக்கர அப்படியே ஸ்டேடியம் மியூசியத்துல வச்சுருக்காங்க, அதையும் விட்றாதீங்க.

அடுத்து 1980கள்ல யாங்கீஸ் ஸ்டாரா இருந்த டான் மாட்டிங்லியோட 23. அங்கதான் 99 ஜெர்சி போட்ட ஒரு பையன் ஆரம்பிச்சான், ஒரு உலகத் தொடர் (கப்புக்கான வருசாந்திர ஃபைனல்) கூட ஆடாத ஆளுக்கு எதுக்கு செவுத்துல எடம், இப்படி வாரி வாரி குடுத்தா வர்ற பசங்க என்ன நம்பர் போடுவாங்கன்னு. பெரியவர் திரும்பி, அப்ப உன் முதுகுல இருக்கற ஆளுக்கும் குடுக்கக் கூடாதான்னு கேட்டாரு. பையனுக்கு பதில் வரல. 99 ஆரன் ஜட்ஜோட நம்பர், 2022ல ஒரே சீசன்ல 62 ஹோம் ரன் (நம்ம சிக்ஸர் மாதிரி) அடிச்சு அதே செவுத்துல 9ம் நம்பரா இருக்கற ரோஜர் மாரிஸோட 61அ தாண்டுன ஆளு, ஆனா கைல கப் இல்ல. 2024 உலகத் தொடர் அஞ்சாவது மேட்ச்ல 5-0ன்னு முன்னாடி இருந்துட்டு, மொத்தம் ஒம்போது இன்னிங்ஸ்ல அஞ்சாவதுல ஜட்ஜ் சுலபமான கேட்ச விட்டதுலேருந்து எல்லாம் சரிஞ்சு 7-6ல லாஸ் ஏஞ்சல்ஸ் டாட்ஜர்ஸ் கிட்ட தோத்தத யாங்கீஸ் ரசிகன் எவனும் மறக்கல.

மச்சான் பையன் பக்கம். "மாப்ள, 27 கப் வாங்குன டீம்டா இது, 2000க்கு அப்பறம் வந்தது 2009 ஒண்ணுதான், பழைய பெருமைய செவுத்துல மாட்டிக்கிட்டே இருந்தா புதுசு எப்ப வரும்"னு கேட்டான். அவன் ஆதங்கம் புரியுது, எனக்கும் அந்த வயித்தெரிச்சல் இருக்கு. ஆனா நம்பர் ரிட்டயர் பண்றத கப்ப வச்சு அளக்கக் கூடாதுன்னு நான் உறுதியா நம்பறேன். 1990கள்ல யாங்கீஸுக்கு ஆடுன பால் ஓநீலோட 21அ பாருங்க, 2008ல லட்ராய் ஹாக்கின்ஸ்னு ஒரு பிட்ச்சர் (பந்து எறியறவரு) அத போட்டுக்கிட்டு வந்தப்ப சொந்த ரசிகர்களே கூச்சல் போட்டு, மனுசன் 22க்கு மாறிட்டாரு. நிர்வாகம் முறைப்படி ரிட்டயர் பண்ணது 2022லதான். ஜனம் மனசுல அது எப்பவோ ரிட்டயர் ஆயிடுச்சு. மாட்டிங்லியும் அப்படித்தான், டீம் தேறாம கெடந்த வருசங்கள்ல வீட்டுல பசங்க யார பாத்து ஆட ஆரம்பிச்சாங்களோ அவருக்கு அந்த எடம் நியாயம்.

ஜெர்சி வாங்கறவங்களுக்கு ஒண்ணு சொல்லணும். போறதுக்கு முன்னாடி நான் ஆன்லைன்ல ஒரு கடைல 99 வாங்குனேன், வெள்ளைல கோடு போட்டது, முதுகுல கொட்ட எழுத்துல ஜட்ஜ்னு பேரு போட்டு அனுப்பிட்டாங்க. யாங்கீஸ் ஜெர்சில பேரே கெடையாது, நம்பர் மட்டுந்தான். ரெண்டாவது தொவைக்கறதுலயே ஒரு 9 ஓரத்துல உரிஞ்சு வந்துருச்சு, திருப்பி எடுத்துக்கவும் மாட்டேன்னுட்டாங்க. நம்பர் தைச்சதா ஒட்டுனதான்னு கேக்காம வாங்காதீங்க.

பார்க்குக்கு என் மார்க் அஞ்சுக்கு நாலரை, இன்னும் கொஞ்ச நேரம் தொறந்து வச்சா அஞ்சு. நாங்க வெளிய வரும்போது பெரியவரும் பையனும் 23 கிட்டயே நின்னு பேசிக்கிட்டுருந்தாங்க, பையன் போன எடுத்து அந்தத் தகட ஒரு படம் புடிச்சான்.