எட்டாவது கட்டத்தில் ஆலிஸ்: ஒரு நூலும் அதன் இரண்டு பதிப்புகளும்

என் மகளுக்கு எட்டு வயது நிரம்பிய மாதத்தில், அப்போதுதான் சதுரங்கம் கற்கத் தொடங்கியிருந்த அவளுக்குப் பொருத்தமாக இருக்கும் என்று எண்ணி, லூயிஸ் கரோல் எழுதிய ‘த்ரூ தி லுக்கிங் கிளாஸ்’ நூலை வாங்கினேன். ஆலிஸ் என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது முயல் வளைக்குள் அவள் விழும் 1865ஆம் ஆண்டு நூல்தான். அதன் அடுத்த நூலான இது 1871 டிசம்பரில் வெளிவந்தது. முதல் நூலில் சீட்டுக்கட்டு ஆட்சி செய்கிறது என்றால், இதில் ஒரு நாடே சதுரங்கப் பலகையாக விரிந்து கிடக்கிறது. இதே நூலை நான் இரண்டு முறை வாங்க நேர்ந்தது. முதலில் வாங்கிய பதிப்பு ஏமாற்றம் அளித்தது. இரண்டாவது பதிப்பு, முதல் பதிப்பில் என்னென்ன காணாமல் போயிருந்தன என்பதைக் காட்டிக்கொடுத்தது. இரண்டையும் மேசையில் அருகருகே விரித்து வைத்துக்கொண்டே இந்த மதிப்புரையை எழுதுகிறேன்.

கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். சரியாக ஏழரை வயதான ஆலிஸ், குளிர்கால மாலை ஒன்றில் பூனைக்குட்டியுடன் விளையாடிக்கொண்டிருக்கும்போது, கணப்புக்கு மேலே இருக்கும் பெரிய கண்ணாடி வழியாக மறுபக்கத்து வீட்டுக்குள் நுழைந்துவிடுகிறாள். வெளியே வந்து ஒரு குன்றின் மேலிருந்து பார்த்தால், சிற்றோடைகளும் வேலிகளும் நிலத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்திருக்கின்றன. இந்த ஆட்டத்தில் தானும் சேர வேண்டும், சிப்பாயாக இருந்தாலும் பரவாயில்லை, ராணியாக இருந்தால் இன்னும் நல்லது என்று அவள் ஆசைப்படுகிறாள். உடனிருக்கும் சிவப்பு ராணி அதற்கு எளிதாக வழி சொல்கிறாள். வெள்ளை ராணியின் மகள் லில்லி விளையாட முடியாத அளவுக்குச் சின்னக் குழந்தை. அவள் இடத்தில் வெள்ளை ராணியின் சிப்பாயாக இரண்டாவது கட்டத்தில் நின்றுகொள்ளலாம், எட்டாவது கட்டத்தை அடைந்தால் ராணி ஆகிவிடலாம் என்கிறாள்.

இந்த நூலை நான் உயர்வாகக் கருதுவதற்கு இந்த ஏற்பாடே முதன்மையான காரணம். குழந்தைகளுக்கான மாயக் கதைகளில் ராணி ஆகும் சிறுமி பெரும்பாலும் மறைந்துபோன அரச வம்சத்தின் வாரிசாக இருப்பாள், அல்லது அவள் வருவாள் என்று பழைய ஆரூடம் ஒன்று முன்பே சொல்லியிருக்கும். ஆலிஸுக்கு அப்படி எந்தத் தகுதியும் இல்லை. வேறொரு குழந்தைக்குப் பதிலாகக் களத்தில் இறங்கிய சிப்பாய் அவள். பின்னால் நகர முடியாத காய். ஒரு கட்டம், அதைத் தாண்டினால் ஓர் ஓடை, அதன் பிறகு இன்னொரு கட்டம் என்று நடந்து நடந்தே அவள் மகுடத்தை அடைகிறாள். சிப்பாய் தன் முதல் நகர்வில் இரண்டு கட்டம் போகலாம் என்ற விதியைக்கூட ஆசிரியர் விட்டுவைக்கவில்லை: மூன்றாவது கட்டத்தை ஆலிஸ் ரயிலில் கடக்கிறாள், அந்த ரயில் ஓடையைத் தாவிக் குதித்து அவளை நான்காவது கட்டத்தில் சேர்க்கிறது. இந்த இடத்தைப் படித்துக் காட்டியபோது என் மகள் எழுந்து போய்த் தன் சதுரங்கப் பலகையை எடுத்துவந்து, ராணிக்கு முன்னால் இருக்கும் வெள்ளைச் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளி வைத்தாள். அன்று முதல் பலகை விரித்தபடியே இருக்க, புத்தகத்தைப் படித்தோம்.

மறுவாசிப்பில்தான் எனக்கு வேறொன்று புலப்பட்டது. இந்தப் பயணம் முழுவதும் ஆலிஸுக்கு வயிறார எதுவும் கிடைப்பதில்லை. மூச்சிரைக்க ஓடிவிட்டுத் தாகம் என்று சொன்னவளுக்குச் சிவப்பு ராணி உலர்ந்த பிஸ்கட் ஒன்றைக் கொடுக்கிறாள். மறுத்தால் மரியாதையாக இராது என்று நினைத்து அவளும் தொண்டையில் அடைக்க அடைக்க அதைத் தின்கிறாள். வெள்ளை ராணியின் வேலைக்காரிக்கு நாளைக்கு ஜாம் உண்டு, நேற்று ஜாம் உண்டு, இன்றைக்கு மட்டும் கிடையாது. (‘இன்று ரொக்கம், நாளை கடன்’ என்ற பலகையைத் தெருமுனைக் கடையில் பார்த்து வளர்ந்த குழந்தைக்கு இதை விளக்க வேண்டிய தேவையே இல்லை, என் மகள் உடனே அந்தக் கடையின் பெயரைச் சொன்னாள்.) ஆட்டுக்கிழவி நடத்தும் கடையில் ஆலிஸ் காசு கொடுத்து முட்டை வாங்குகிறாள், அருகில் போகப் போக அந்த முட்டை பெரிதாகி, கண்ணும் மூக்கும் முளைத்து, ஹம்ப்டி டம்ப்டியாக மதில்மேல் உட்கார்ந்துகொள்கிறது. சிங்கத்துக்கும் ஒற்றைக்கொம்புக் குதிரைக்கும் நடுவில் அமர்ந்து அவள் கேக்கை வெட்டினால், வெட்டிய துண்டுகள் மீண்டும் ஒட்டிக்கொள்கின்றன. முதலில் பரிமாறிவிட்டுப் பிறகு வெட்ட வேண்டும் என்பது அந்த உலகத்து முறையாம். பரிமாறி முடித்ததும் கேக் தானாகவே மூன்றாகப் பிளந்துவிடுகிறது, அவளுக்கென்று ஒரு துண்டும் இல்லை. இந்தப் பசி வரிசையைக் கவனித்தவர்களுக்கு, எட்டாவது கட்டத்தில் நடக்கும் பட்டாபிஷேக விருந்து முற்றிலும் வேறு பொருள் தரும்.

அந்த ஒன்பதாம் அத்தியாயமே நூலின் சிகரம். அதற்கு முந்தைய அத்தியாயத்தின் முடிவில், கடைசி ஓடையைத் தாண்டிப் புல்வெளியில் உட்கார்ந்த ஆலிஸ், தலையில் ஏதோ கனமாக இறுகியிருப்பதை உணர்ந்து கையால் தூக்கி மடியில் வைத்துப் பார்க்கிறாள். அது தங்க மகுடம். அவள் மகிழ்ந்து முடிப்பதற்குள் இரண்டு ராணிகளும் இருபுறமும் வந்து அமர்ந்து, தேர்ச்சி பெறாதவள் ராணி ஆக முடியாது என்று கேள்வி கேட்கத் தொடங்கிவிடுகிறார்கள். கூட்டலில் ஒன்றும் ஒன்றும் ஒன்றும் என்று எண்ண முடியாத வேகம், கழித்தலில் எட்டிலிருந்து ஒன்பது, வகுத்தலில் ரொட்டியைக் கத்தியால் வகுத்தால் என்ன வரும் என்ற கேள்வி. பிறகு இருவரும் அவள் மடியிலேயே தலை சாய்த்துக் குறட்டை விடுகிறார்கள். மகுடம் சூடிய குழந்தை, தூங்கும் இரண்டு கிழ ராணிகளைச் சுமந்துகொண்டு அசையாமல் உட்கார்ந்திருக்கும் அந்தப் படத்தை நாங்கள் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அடுத்து வருவது ‘ராணி ஆலிஸ்’ என்று பெரிதாகப் பெயர் பொறித்த வாசல். இருபுறமும் இரண்டு அழைப்பு மணிகள் இருக்கின்றன. ஒன்றில் விருந்தினர் மணி என்றும் மற்றொன்றில் வேலையாட்கள் மணி என்றும் எழுதியிருக்கிறது. தன் பெயர் எழுதிய வாசலில் நின்றுகொண்டு, தான் விருந்தினரும் அல்ல, வேலையாளும் அல்ல, அப்படியானால் எந்த மணியை அடிப்பது என்று ஆலிஸ் விழிக்கிறாள். ஒரு சிறுமிக்குப் பட்டம் கொடுத்துவிட்டு அவளுக்குரிய கதவை மட்டும் திறக்காமல் வைத்திருக்கும் உலகத்தை, இதைவிடச் சுருக்கமாகச் சொன்ன பக்கத்தை நான் படித்ததில்லை. உள்ளே விருந்தில் ஆட்டுக்கால் கறியை அவளுக்கு அறிமுகப்படுத்துகிறார்கள், அது எழுந்து வணங்குகிறது. அறிமுகமானவரை வெட்டுவது முறையல்ல என்று சொல்லித் தட்டை எடுத்துப் போய்விடுகிறார்கள். துணிந்து ஒரு துண்டு வெட்டியதும் புட்டிங் வாய் திறந்து சண்டை பிடிக்கிறது.

குறைகளும் உண்டு. சிங்கமும் ஒற்றைக்கொம்புக் குதிரையும் வரும் அத்தியாயமும், ட்வீடில்டம், ட்வீடில்டீ என்ற இரட்டையர் வரும் அத்தியாயமும் இங்கிலாந்துக் குழந்தைப் பாடல்களைச் சார்ந்தே நிற்கின்றன. ஹம்ப்டி டம்ப்டி நம் ஊர் மழலையர் பள்ளிகளிலும் பாடப்படுவதால் அவரை என் மகள் பழைய நண்பரைப்போல வரவேற்றாள். மற்றவர்கள் அவளுக்கு அந்நியர்களாகவே இருந்தார்கள். சொல் விளையாட்டுகள் பலவற்றைத் தமிழில் சொல்லிக் காட்ட வழியில்லை. ரொட்டி எப்படிச் செய்வது என்ற கேள்விக்கு ஆலிஸ் மாவிலிருந்து தொடங்க, அந்தப் பூவை எங்கே பறிப்பாய் என்று வெள்ளை ராணி கேட்கிறாள்; ஆங்கிலத்தில் இரண்டு சொல்லுக்கும் ஒரே ஒலி என்பதை விளக்கி முடிப்பதற்குள் சிரிப்பு ஆறிவிடுகிறது. வெள்ளைக் குதிரைவீரனின் கண்டுபிடிப்புகள் பற்றிய பகுதி எட்டு வயதுக்கு நீளமானது. ஆனால் அதே வீரன் பிரியும்போது, தான் வளைவில் மறையும்வரை நின்று கைக்குட்டையை ஆட்டும்படி கேட்பதும், மகுடம் ஓர் ஓடைக்கு அப்பால் காத்திருக்கும்போதும் ஆலிஸ் பொறுமையாக நின்று ஆட்டுவதும் மனத்தை விட்டு நீங்காதவை.

இனிப் பதிப்புகள் பற்றி. நூலின் காப்புரிமைக் காலம் எப்போதோ முடிந்துவிட்டதால் யார் வேண்டுமானாலும் இதை அச்சிடலாம், அச்சிடுகிறார்கள். நான் முதலில் வாங்கிய மலிவுப் பதிப்பில் கதையின் சொற்கள் அனைத்தும் இருந்தன, ஆனால் ஜான் டெனியல் வரைந்த 50 படங்களில் ஒன்றுகூட இல்லை. படங்களும் காப்புரிமை கடந்தவைதாம் என்பதால் அவற்றை நீக்கியதற்கு நியாயம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. தொடக்கத்தில் இருக்க வேண்டிய சதுரங்கக் கட்டப் படமும், வெள்ளைச் சிப்பாய் பதினோரு நகர்வில் வெல்வதைக் காட்டும் பட்டியலும் இல்லை. ஆலிஸ் கண்ணாடியில் காட்டிப் படிக்க வேண்டிய பாடலின் முதல் நான்கு வரிகள் இடவலம் மாறி அச்சாகியிருக்க வேண்டும். அந்தப் பதிப்பில் அவை நேராகவே அச்சாகியிருந்ததால், அவள் ஏன் திகைக்கிறாள் என்பதே புரியவில்லை. மிக மெல்லிய குரலில் பேசும் கொசுவின் சொற்கள் பொடி எழுத்தில் இருக்க வேண்டும். அவையும் மற்றவர் பேச்சின் அளவிலேயே இருந்தன. எல்லாவற்றையும்விட எனக்கு வருத்தம் தந்தது, ஒவ்வோர் ஓடையையும் ஆலிஸ் தாண்டும் இடத்தில் மூலத்தில் வரும் நட்சத்திரக் குறி வரிசைகளை அடியோடு நீக்கியிருந்ததுதான். அந்தக் குறிகள்தாம் ஓடை; அவை போனால் சிப்பாய் கட்டம் மாறுவது வாசிப்பவரின் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடுகிறது.

இரண்டாவது பதிப்பு மூலத்தின் அமைப்பைப் பின்பற்றியிருந்தது. ஆலிஸ் முதுகைக் காட்டியபடி கண்ணாடிக்குள் கை வைக்கும் படம் ஒரு தாளின் முன்பக்கத்திலும், மறுபுறத்தில் அவள் முகம் காட்டி வெளிப்படும் படம் அதே தாளின் பின்பக்கத்திலும் அச்சாகியிருக்கின்றன. 1871ஆம் ஆண்டு முதல் பதிப்பிலும் இவை 11, 12ஆம் பக்கங்களாக ஒரே தாளில் அமைந்தவையே. தாளைத் திருப்பும் விரலே கண்ணாடியைக் கடந்துவிடுகிறது. பின்பக்கத்தில் கடிகாரத்துக்குச் சிரிக்கும் கிழவனின் முகம் வந்திருப்பதைக் கண்ட என் மகள், அந்தத் தாளை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு முன்னும் பின்னுமாகப் பலமுறை திருப்பினாள். மரக்கட்டையில் செதுக்கி அச்சிட்ட இந்தப் படங்களின் நுண்கோடுகள் மங்காமல் தெரியும் தாளாகவும் அது இருந்தது. படங்களைத் தேர்ந்தெடுப்பதில் கரோல் காட்டிய அக்கறைக்கு ஒரு சான்று: ஜாபர்வாக் என்ற கொடிய விலங்கின் படத்தை நூலின் முகப்பில் வைத்தால் குழந்தைகள் பயப்படுவார்களா என்று சுமார் 30 தாய்மார்களைக் கேட்டறிந்த பிறகே, அதை உள்ளே தள்ளி, வெள்ளைக் குதிரைவீரனை முகப்புக்குக் கொண்டுவந்தார்.

ஆகவே கடையில் வாங்குபவர்கள் அட்டையின் அழகைப் பார்க்காமல், முதலில் சதுரங்கக் கட்டப் படம் இருக்கிறதா என்றும், பிறகு முதல் அத்தியாயத்தில் இடவலம் மாறிய எழுத்துப் பாடல் இருக்கிறதா என்றும் புரட்டிப் பார்த்துவிட்டுப் பணம் கொடுக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். இந்த இரண்டும் இருக்கும் பதிப்பில் நட்சத்திரக் குறிகளும் பெரும்பாலும் இருக்கும். தானாகப் படிக்கப் பத்து வயதாவது ஆக வேண்டும். பெரியவர் படித்துச் சொல்வதாக இருந்தால் ஏழு வயதே போதும். மொத்தம் 12 அத்தியாயங்கள். பத்தாவதும் பதினோராவதும் ஒரு மூச்சில் முடிந்துவிடும் என்பதால், இரவுக்கு ஒன்றாக இரண்டு வாரத்துக்குள் படித்துவிடலாம்.

வெள்ளையும் சிவப்பும் மாறி மாறி நகர வேண்டும் என்ற விதி இந்த ஆட்டத்தில் முறையாகக் கடைப்பிடிக்கப்படவில்லை. 1896ஆம் ஆண்டில் எழுதிய முன்னுரையில் ஆசிரியரே இதை ஒப்புக்கொண்டு, நகர்வுப் பட்டியலில் ராணிகள் கோட்டை கட்டுவதாக (சதுரங்கத்தில் இது ராஜாவும் யானையும் சேர்ந்து செய்யும் நகர்வு) சொன்னது அரண்மனைக்குள் நுழைந்தார்கள் என்ற பொருளில்தான் என்றும், ஆனால் முடிவில் வரும் செக்மேட் விதிப்படி சரியானது என்றும் விளக்குகிறார். அதைச் சோதித்துப் பார்க்கக் கடைசி இரவில் பட்டியலின்படி காய்களை வைத்தோம். புத்தகத்தில் விருந்து கலவரமாகிக்கொண்டிருந்தது. மெழுகுவத்திகள் கூரைவரை வளர, புட்டிகள் தட்டுகளை இறக்கைகளாகப் பொருத்திக்கொண்டு பறக்க, இனிப் பொறுக்க முடியாது என்று எழுந்த ஆலிஸ், இரண்டு கைகளாலும் மேசைவிரிப்பைப் பற்றி இழுத்து எல்லாவற்றையும் தரையில் கொட்டிவிட்டு, சிவப்பு ராணியைப் பிடித்து உலுக்குகிறாள். பலகையில் என் மகள் வெள்ளை ராணியாகிவிட்ட சிப்பாயை எடுத்துச் சிவப்பு ராணியை வெட்டினாள். பிறகு சற்றுத் தள்ளி நின்றிருந்த சிவப்பு ராஜாவைப் பார்த்தாள். கதை நெடுகத் தூங்கிக்கொண்டிருந்த அவர், ஆட்டத்தில் ஒரு கட்டம்கூட நகராதவர். தப்பிக்க அவருக்கு ஏதாவது கட்டம் இருக்கிறதா என்று எட்டுப் பக்கமும் விரல் வைத்து எண்ணிப் பார்த்துவிட்டு, கதைக்குள் யாருமே சொல்லாத ‘செக்மேட்’ என்ற சொல்லை அவள் சொன்னாள்.